வண்டியைத் தட்டியது யார்?

பேச்சு திருந்தாத வயதிலேயே சின்னவளுக்குத் 'தாழ்ப்பாள்' என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பூனை மாதிரி எழுந்து போவாள். அம்மா போட்டிருக்கும் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மறுபடி தானே போடுவாள். ஒருநாள் அம்மா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"ஏன்டி, நான் போட்டா கதவு சாத்திக்காதா?"

"நீ போட்டது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அந்தப் பொடிசு.

பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் தெருவெல்லாம் சொல்லிப் பெயரை நிலைநிறுத்தியவள் அந்த அக்காதான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்கவில்லை. ஒரு பெரிய சலவைக் கடையில் கறை எடுக்கும் மேசையில் சேர்ந்து, இன்றுவரை அதே மேசையில்தான் நிற்கிறாள். கோட்டோ புடவையோ, கையில் வந்ததும் விளக்கடியில் பிடித்துப் பார்ப்பாள், விரலால் தேய்த்துப் பார்ப்பாள், மோந்தும் பார்ப்பாள். காபியா, மையா, துருவா என்று தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கமாட்டாள். தண்ணீர் பட்டால் சில கறை போகும், சில கறை குடியேறிவிடும். அவசரப்படும் வாடிக்கையாளர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "முதல்ல இது என்னன்னு தெரியட்டும்."

தங்கை வேறு வார்ப்பு. பெயிண்ட் டப்பாக்களும் குழாய்ச் சாமான்களும் அடுக்கி வைக்கும் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். டிரைவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் முற்றத்தில் நின்ற வண்டிகளைப் பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, சுவரோடு ஒட்டி நிறுத்திப் பழகினாள். குடோன் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தால், அவர் ஜன்னலோரம் வந்து, "கண்ணாடில பாரும்மா, கழுத்தைத் திருப்பாதே. கழுத்து வலி எனக்கில்ல, உனக்குத்தான்" என்றார். லைசென்ஸ் எடுக்க வழி சொன்னவரும் அவர்தான். பிறகு கடனில் ஒரு பழைய மினி லாரி வாங்கி, அதே குடோன் கம்பெனியின் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். கம்பெனி சொன்ன நிறத்தில் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தாள், கம்பெனி கொடுத்த சட்டையைப் போட்டாள், கம்பெனி சொன்ன தெரு வழியாகக் கம்பெனி சொன்ன நேரத்துக்குப் போனாள். ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அவள் கம்பெனி ஆள் இல்லை, 'தனி வண்டி உரிமையாளர்'.

அதையெல்லாம் அக்கா அப்போது யோசிக்கவில்லை. கறைத் துணி கொண்டுவரும் எல்லோரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "என் தங்கச்சி லாரி ஓட்டுறா" என்று சொல்வதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்படிப்பட்ட தாழ்ப்பாளின் வண்டியில்தான் பின்பக்கத்தை மூடும் பலகை திறந்துகொண்டது.

பெயிண்ட் கடை இருக்கும் தெரு குறுகலானது. வண்டி நின்றதும் பின்னால் பாம்பு வால் மாதிரி மற்ற வண்டிகள் நீண்டுவிடும். அதனால் டிரைவர் இருக்கையை விட்டு இறங்குவதில்லை. கடை ஆள் வந்து பின்பலகையை இறக்கி, டப்பாக்களை எடுத்துக்கொண்டு, பலகையைத் தூக்கி இரண்டு பக்கமும் கொக்கி மாட்டுவான். பிறகு வண்டியின் பக்கவாட்டில் 'டப் டப்' என்று இரண்டு முறை தட்டுவான். போகலாம் என்று அர்த்தம். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் கிளம்புவாள். பின்பலகை மட்டும் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

அன்றைக்கும் தட்டும் சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது. பலகை ஒரு பக்கக் கொக்கியில் தொங்கிச் சுழன்று, பக்கத்து சலூன்காரரின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்தது.

மருத்துவமனைக்குத் தன் வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனவளும் தங்கைதான். வீட்டுக்கு வந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை. வண்டியின் இன்சூரன்ஸ் சிகிச்சைச் செலவோடு நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். நின்றுகொண்டே செய்யும் தொழில் சலூன்காரருக்கு. கால் தேறி அவர் மறுபடி நிற்கும்வரை குடும்பத்துக்கு யார் பொறுப்பு? அவர் கேட்டிருக்கும் நஷ்ட ஈட்டுக்கு யார் பதில் சொல்வது? கம்பெனி கையை உதறிவிட்டது. வண்டி அவளுடையது, ஓட்டியது அவள், எங்களுக்கு என்ன சம்பந்தம் என்றது. முழுத் தவறும் அவள் தலையில் விழுந்தால் வண்டியை விற்றுத்தான் ஆகவேண்டும். லைசென்ஸும் போகலாம்.

"தாழ்ப்பாளே தாழ்ப்பாள் போடாம போச்சா?" என்றார் மாமா, அக்காவின் கணவர். இரவுக் காவல் வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர். தூக்கம் கலைந்தால் அவருக்கு நாக்கும் கலைந்துவிடும்.

"நீங்க போய்ப் படுங்க" என்றாள் அக்கா. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "தட்டினது யாருடி?"

"கடைப்பையன்தான்க்கா. வேற யாரு?"

"நீ பாத்தியா?"

"கேட்டேன்."

கேட்டதும் பார்த்ததும் ஒன்றா? அக்காவுக்கு அது உறுத்தியது. கறை எதுவென்று தெரிவதற்குள் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டது. அடுத்த விடுமுறை நாளில் கிளம்பி அந்தத் தெருவுக்குப் போனாள்.

பெயிண்ட் கடை ஆள் அவளைக் கண்டதும் தராசின் பின்னால் ஒதுங்கினான். மீசை நரைத்தவன்தான், கடைக்கு மட்டும் இன்னும் பையன். "நான் தட்டவே இல்லைங்க. எத்தனை தடவை சொல்றது?" என்றான். "ஒரு பக்கம் மாட்டினேன். திருப்பி அனுப்ப வேண்டிய காலி டப்பா ஞாபகம் வந்துச்சு. எடுக்க உள்ள போனேன். வெளிய வந்தா அவர் தரையில கிடக்கறார்."

"அப்போ தட்டினது?"

"அதான் எனக்கும் தெரியல. ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. பேய் தட்டியிருக்குமோன்னுகூட நினைச்சேன்."

"பட்டப்பகல்ல, பெயிண்ட் கடை வாசல்ல, பேய்க்கு என்னய்யா வேலை?" என்றாள் அக்கா. அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்கிறவன் பேய் வரைக்கும் போகமாட்டான்.

அடுத்து சலூன்காரர் வீடு. இரண்டு அறை. முன் அறையில் கட்டில், கட்டிலில் அவர். தலையணை மேல் மாவுக்கட்டுக் கால். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருக்க, கட்டிலில் இருந்தபடியே அவர் முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"டிரைவரோட அக்கா" என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"தெரியுதும்மா, அதே மூக்கு" என்றார் கத்தரியை நிறுத்தாமல். "உக்காருங்க. முடியெல்லாம் கிடக்கு, பாத்து."

முடி வெட்டிக்கொண்டவர் தலையைத் தடவியபடி போகும்வரை அக்கா பொறுத்திருந்தாள். வலி எப்படி, மருந்து என்ன, மாவுக்கட்டுக்குள் அரிக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். அரிக்கும்போது பின்னல் ஊசியை உள்ளே விடுவதாகச் சொன்னார். விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "டாக்டர் கிடக்கட்டும், நான் சொன்னா கேக்கறாரா?" என்றாள்.

"உங்க தங்கச்சி மேல எனக்குக் கோபமில்லம்மா" என்றார் அவர். "நல்ல பொண்ணு. ஆனா அவ வண்டி வந்து நின்னா என் கடையில பகல்லயே இருட்டிடும்."

"அன்னைக்கும் இருட்டா?"

"கும்மிருட்டு. ஒருத்தருக்குக் காதோரம் கத்தி வச்சிருக்கேன். கத்தி எங்க, காது எங்கன்னு தெரியல."

"அதனால வெளிய வந்தீங்களா?"

அவர் கத்தரியை மூடினார். மாவுக்கட்டைப் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அண்ணே," என்றாள் அக்கா, "நான் சண்டைக்கு வரல. தட்டினது யாருன்னு தெரிஞ்சாப் போதும். மனசு கேக்க மாட்டேங்குது."

"நான்தாம்மா தட்டினேன்" என்றார் அவர். "வருஷக்கணக்கா பாக்கறேன்ல. ரெண்டு தட்டு தட்டினா வண்டி போயிடும். போகட்டும்னு தட்டிட்டு அங்கயே நின்னேன். பலகை தொங்கறது என் கண்ணுல படல. வெளிச்சம் வருதான்னு கடையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதைக் கோர்ட்ல சொன்னா எனக்கு ஒண்ணும் கிடைக்காதுல்ல?"

அக்காவுக்கு அது தெரியாது. தெரியாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமா படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தியா! சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டான். அவன் தட்டினான், அவன் கால் போச்சு. நாம தப்பிச்சோம்!"

தங்கை அவரைப் பார்க்கவில்லை. பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி தாடையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"தட்டினது அவர்தான், மாமா. நகர்த்தினது யாரு?"

"தட்டினா நகர்த்தத்தானே செய்வாங்க?"

"அதான் எனக்குப் புரியல" என்றாள் அவள். "வாசல் தாழ்ப்பாளை அம்மா போட்டாக்கூட நம்பாதவ நான். ரோட்டுல எவனோ தட்டினதை எப்படி நம்பினேன்?"

அந்தக் கேள்வியைத்தான் மறுநாள், தங்கையின் வழக்கைப் பார்க்கும் வக்கீலம்மா வேறு விதமாகக் கேட்டார். அச்சகத்துக்கு மேல்மாடியில் சின்ன அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை நடுங்கும், பேனா உருண்டு ஓடும். வக்கீலம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சலூன்காரர் தட்டியதை மறைக்கவேண்டாம் என்றார். அவர் தவறுக்கு ஒரு பங்கு கழித்துக்கொள்வார்கள், முழுதாக இல்லையென்று தள்ளிவிடமாட்டார்கள்.

"அவர் பங்கு சின்னது. மிச்சம் யாருதுன்றதுதான் கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தங்கையை உற்றுப் பார்த்தார். "இந்த ரெண்டு தட்டை உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"சூப்பர்வைசர். முதல் நாளே."

"அதுக்கு முன்னாடி எப்படி?"

"முன்னாடி வண்டிக்கு ஒரு கிளீனர் வருவார். அவர்தான் இறங்கி மாட்டுவார். கம்பெனி கிளீனரை எடுத்துடுச்சு. கடைக்காரங்க மாட்டுவாங்க, தட்டினா கிளம்பு, சீட்டை விட்டு இறங்காதேன்னு சொன்னாங்க."

வக்கீலம்மா பேனாவை விட்டுவிட்டார். அது உருண்டு விழுந்தது. "ஒருத்தருக்கு வேலை குடுத்து, அதைச் செய்யற விதத்தையும் நாமே சொன்னா, அதால வர்ற அடிக்கும் நாம பதில் சொல்லணும்மா. காகிதத்துல ஒப்பந்தம்னு எழுதிட்டா மட்டும் ஆகாது. அவங்க சொல்லிக் குடுத்த வழக்கம் இதுன்னு காட்டிட்டா, கம்பெனி வெளிய போக முடியாது. யாராவது வந்து சொல்வாங்களா?"

தங்கை அன்று மாலையே மற்ற டிரைவர்களிடம் போனாள். எல்லோரும் தினம் அந்தத் தட்டுக்குக் கிளம்புகிறவர்கள்தான். ஒருவர் காதில் விழாத மாதிரி டயரை உதைத்துப் பார்த்தார். ஒருவர், "எனக்கு ரெண்டு பொண்ணு, பாத்துக்க" என்றார். யாரும் வரவில்லை.

விசாரணை நாளில் சூப்பர்வைசர் வந்து நின்றார். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. தங்கையைப் பார்த்ததும் தலையை அசைக்கப்போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தட்டறதா?" என்று சூப்பர்வைசர் கம்பெனி வக்கீலின் கேள்விக்குப் பதில் சொன்னார். "அப்படி ஒரு பழக்கம் எங்க குடோன்ல கிடையாதுங்க. வண்டி அவங்களுது. எப்படி ஓட்டறாங்க, எப்படி நிறுத்தறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது."

அக்கா பின் வரிசையில் இருந்தாள். அவர் சட்டைக் காலரில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. எண்ணெயா வியர்வையா என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டே, இந்த மனிதரா தங்கைக்குக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று நினைத்தாள். அவர் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவருக்கும் வீடு இருக்கும், வீட்டில் சோறு வேகவேண்டும். அந்த டிரைவர் டயரை உதைத்தார், இவர் பொய் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வக்கீலம்மா சொன்னதை அக்கா போய்ச் சொல்லியிருந்ததால், சலூன்காரர் ஊன்றுகோலோடு வந்து தான் தட்டியதை மறைக்காமல் சொன்னார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கைக் காகிதத்தில் மட்டும் பார்க்கிற மனிதர் இல்லை போலிருக்கிறது. "அந்தப் பின்பலகை எப்படித்தான் இருக்கும்? எனக்கு அது பிடிபடவே இல்ல. வண்டி கீழ நிக்குதுன்னீங்களே, வாங்க பார்க்கலாம்" என்று எழுந்தார்.

எல்லோரும் முற்றத்தில் இறங்கினார்கள். தங்கை பலகையை இறக்கிக் காட்டினாள். நீதிபதி குனிந்து கொக்கியை ஆட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் பின்பலகை தெரிகிறதா என்று கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்தார். தெரியவில்லை. இறங்கியவர், "சரி, போதும்" என்றார்.

அதற்குள் வாசலில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. வழி அடைத்திருந்தது. காவலாளி ஓடிவந்தார். "வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடும்மா! சீக்கிரம்!"

தங்கை ஏறி இன்ஜினைப் போட்டாள். பின்பலகை அப்படியே இறங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றவர் சூப்பர்வைசர். மறுபடி ஹாரன். அவர் குனிந்தார். பலகையை ஒரே மூச்சில் தூக்கினார். இந்தப் பக்கம் ஒரு கொக்கி, அந்தப் பக்கம் ஒரு கொக்கி. உள்ளங்கையை விரித்து வண்டியின் பக்கவாட்டில் தட்டினார்.

டப் டப்.

வண்டி ஒரு சாண் நகர்ந்து, திடுக்கிட்டது போல நின்றது. இன்ஜின் அணைந்தது. தங்கை கதவைத் திறந்து இறங்கினாள். தண்ணீர் லாரிக்காரன் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. பின்னால் வந்து, இந்தக் கொக்கியைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். சுற்றிப் போய் அந்தக் கொக்கியையும் இழுத்துப் பார்த்தாள்.

"நான்தான் மாட்டிட்டேனேம்மா" என்றார் சூப்பர்வைசர், பழைய குரலில்.

"நீங்க மாட்டினது எனக்கு எப்படிங்க தெரியும்?"

சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அக்காவால் பிரிக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு உறைத்தது. விரித்த கை இன்னும் தகரத்தின் மேலேயே இருந்தது. சூடு பட்டது போல எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார், அது யாருடைய கையோ என்பது மாதிரி.

"இப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் நீதிபதி. குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

கம்பெனி வக்கீல் முன்னால் வந்தார். நீதிபதி அவரைக் கையால் அமர்த்தினார்.

"தட்டிட்டேங்க" என்றார் சூப்பர்வைசர். "கை பழகிடுச்சு. வர்ற டிரைவருக்கெல்லாம் நான்தான் இதைச் சொல்லிக் குடுக்கறேன். இந்தப் பொண்ணுக்கும் நான்தான் சொன்னேன்."

"உங்க யோசனையா?"

"எனக்கெதுக்குங்க இந்த யோசனை? கிளீனரை எடுத்தப்போ மேல இருந்து சொன்னாங்க. நான் சொல்லிக் குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். தங்கை தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

தீர்ப்பில் பெரும் பங்கு கம்பெனி தலையில் விழுந்தது. அவள் வேலை செய்யும் விதத்தை முடிவு செய்தவர்கள் அவர்கள், ஆகவே பதில் சொல்லவேண்டியவர்களும் அவர்களே என்றிருந்தது. சலூன்காரர் தட்டியதற்கு ஒரு சின்னப் பங்கு கழிந்தது. இறங்கிப் பார்க்காததற்குத் தங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. மாமா அதற்கு மூக்கைச் சுளித்தார். அவள் சுளிக்கவில்லை. அந்தப் பங்கு சிகிச்சைச் செலவு அளவுக்கே வந்ததால் இன்சூரன்ஸே அதைத் தாங்கியது. வண்டி தப்பியது, லைசென்ஸும் தப்பியது. சூப்பர்வைசரை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எடுக்கவில்லை. கம்பெனி கிளீனர்களைத் திரும்பச் சேர்த்தபோது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை.

கிளீனர் வந்த பிறகும் தங்கை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறாள். பின்னால் போய் இரண்டு கொக்கியையும் இழுத்துப் பார்க்கிறாள். ஹாரன்கள் அலறும். "ஏம்மா, கோயில் சுத்தறியா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமா, நீயும் வா" என்றாள். கிளீனருக்குத்தான் மனத்தாங்கல். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று அக்காவிடமே வந்து குறைபட்டார். "எங்க அம்மா மேலயே இல்ல. நீங்க வருத்தப்படாதீங்க" என்றாள் அக்கா.

ஒருநாள் அக்கா அந்தத் தெரு வழியாக வேலைக்குப் போனாள். தங்கையின் வண்டி பெயிண்ட் கடை வாசலில் நின்றது. சலூனுக்குள் பகலிலேயே இருட்டு. சலூன்காரர் லேசாகக் காலைச் சாய்த்து வெளியே வந்தார், கையில் சீப்பு. வண்டியின் பக்கவாட்டை நோக்கிக் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. நல்ல பிள்ளையாகக் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முன்னாலிருந்து தங்கை கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கவேண்டும். தலையை வெளியே நீட்டினாள்.

"பரவாயில்ல, தட்டுங்கண்ணே! நான் இறங்கிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"எனக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார் அவர். ஆனாலும் ஒரு கையால் கடைக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு, பின்பலகைக்கு எட்டாத தூரத்தில் நின்று, சீப்பின் நுனியால் இரண்டு முறை தட்டிவிட்டு உள்ளே ஓடினார்.